துடைப்பம் யார் கையில்?

பூனை வலியது, பறவை எளியது, ஆகவே இது எளியோர் வெல்லும் கதை. ட்வீட்டி–சில்வெஸ்டர் படங்களைப் பற்றிக் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. மேற்கோளுக்கு ஃபூக்கோ, முடிவுரைக்கு 'எதிர்ப்பு' என்னும் சொல், கட்டுரை ஆயத்தம். படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தவர் அவ்வாறு எழுத இயலாது.

1947-இல் வெளிவந்த 'ட்வீட்டி பை'யை எடுத்துக்கொள்ளலாம். ஃபிரிஸ் ஃபிரெலெங் இயக்கிய இப்படத்தில்தான் அவ்விரு பாத்திரங்களும் முதன்முதலில் சந்திக்கின்றன (பூனைக்கு இதில் தாமஸ் என்று பெயர்). பனியில், எரியும் சுருட்டுத் துண்டின் அருகே குளிர்காயும் பறவையைப் பூனை பிடிக்கிறது. வீட்டுக்காரி அதை மீட்டு உள்ளே கொண்டுவந்து கூண்டில் வைக்கிறாள். அந்தக் கணத்தில் வீட்டின் படிநிலை புரண்டுவிடுகிறது. பூனையின் ஒவ்வொரு முயற்சியும் பேரோசையில் முடிகிறது. ஓசை கேட்டதும் துடைப்பம் வருகிறது. இறுதியில் பூனை பனிக்குள் வீசப்படுகிறது. புகைபோக்கி வழியே அது திரும்ப முயல, பறவை கீழே விறகை அடுக்கி, எரிபொருள் ஊற்றித் தீ மூட்டுகிறது.

இதுவா எளியோரின் தற்காப்பு? சற்றுமுன் குளிரில் கிடந்த ஒன்று, உள்ளே இடம் கிடைத்ததும் வெளியே கிடப்பதன் வழியை அடைக்கிறது. பூனையோ கடைசியில் துடைப்பத்தையே ஒடித்து நெருப்பிலிட்டு, இனி அடி இல்லை என்று நம்புகிறது. அடி விழத்தான் செய்கிறது. இம்முறை துடைப்பத்துக்குப் பதில் மண்வாரி. வீட்டுக்காரிக்குப் பதில் ட்வீட்டி. அதிகாரத்தைப் பற்றி இந்தப் படம் சொல்லக்கூடிய மிகக் கூர்மையான செய்தி இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. 'எதிர்ப்பு' வாசிப்போ இதை வெறும் நகைச்சுவை என்று கடந்து போகிறது.

பறவையின் வெகுளித் தோற்றமும் இயல்பானதன்று. 1942-இல் பாப் கிளாம்பெட் அதை முதலில் படைத்தபோது அது இறகில்லாத இளஞ்சிவப்புக் குஞ்சு. அதைத் துரத்திய இரு பூனைகளும் அபோட்–காஸ்டெல்லோ என்னும் நகைச்சுவை நடிகர்களின் நகல்கள். பறவை ஆடையின்றித் தெரிகிறது என்று தணிக்கையாளர் முகஞ்சுளித்ததால்தான் மஞ்சள் இறகு வந்தது. தணிக்கை போர்த்திய போர்வையைப் பாத்திரத்தின் உள்ளியல்பாகக் கொள்வது ஆராய்ச்சி ஆகாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. திரைக்குள் அதிகாரத்தைத் தேடுவோர் அத்திரையை வரைந்த கூடத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. 1941-இல் சங்கம் கேட்ட ஊழியர்களைக் கதவடைத்து வெளியே நிறுத்திய கூடம் அது. அதன் உரிமையாளர் லியான் ஷ்லெசிங்கர் 1944-இல் அதை வார்னர் நிறுவனத்துக்கு விற்றார்; தயாரிப்புப் பொறுப்பு எட்டி செல்சரிடம் வந்தது. 'ட்வீட்டி பை' உருவானபோது ட்வீட்டி வேண்டாம், மரங்கொத்தி ஒன்றை வைத்துக்கொள் என்று செல்சர் வற்புறுத்தியதாகவும், ஃபிரெலெங் தம் பென்சிலை அவர் மேசைமேல் வைத்து, அவ்வளவு தெரிந்தால் நீரே வரையும் என்று வெளியேறியதாகவும், அன்றிரவே செல்சர் மன்னிப்புக் கேட்டதாகவும் ஃபிரெலெங்கே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். படம் ஆஸ்கர் வென்றது. வார்னர் கார்ட்டூன்களுக்கு அதுவே முதல் ஆஸ்கர். அக்கால வழக்கப்படி விருது தயாரிப்பாளருக்கு. பென்சிலை வைத்தவர் ஒருவர், சிலையைப் பெற்றவர் இன்னொருவர்.

பின்னர் இந்நிறுவனம் பழைய படங்களை 'ப்ளூ ரிப்பன்' என்னும் வரிசையில் மறுவெளியீடு செய்தது; 'ட்வீட்டி பை'யும் அவற்றுள் ஒன்று. அப்போது இயக்குநர், எழுத்தாளர், ஓவியர், இசையமைப்பாளர் பெயர்கள் தாங்கிய தொடக்க அட்டைகள் வெட்டப்பட்டன. இன்று பலர் பார்ப்பது அத்தகைய பிரதிகளையே. பெயர்களை நிறுவனமே கத்தரித்துவிட்ட ஒரு பிரதியை முன்வைத்து 'ஆசிரியனின் மரணம்' பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். ரோலான் பார்த் பேசியது வேறு மரணம். இது ஊதியப் பட்டியலோடு தொடர்புடையது.

கேலிப்படத்துக்கு இவ்வளவா என்று கேட்போருக்கு ஒரு சொல்: இவை சிறுவருக்கென ஒதுக்கப்பட்டவை அல்ல, திரையரங்கில் முழுநீளப் படத்துக்கு முன் எல்லா வயதினரும் பார்த்தவை. ஆகவே இவற்றைப் பற்றி ஆய்வேடு எழுதுவதில் தவறில்லை. எந்தப் பிரதி பார்க்கப்பட்டது, அதில் யார் பெயர்கள் இல்லை, அவர்கள் எந்த ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்தார்கள் என்பதை அடிக்குறிப்பிலாவது தராத ஆய்வேட்டை நெறியாளர்கள் திருப்பி அனுப்பட்டும்.