ஒரே லேசர், பல நிறங்கள்
1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் 694 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் குவார்ட்ஸ் படிகத்தில் பாய்ச்சி, 347 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பெற்றார்கள். நிறத்துக்கொரு லேசர்ப் பொருளைத் தேடி அலைவதைவிட, கையிலுள்ள லேசரின் நிறத்தை இப்படி ஒளியியல் சிப்புக்குள்ளேயே மாற்றிக்கொள்வதுதான் விவேகம் என்பேன். பச்சைக்கு நல்ல குறைகடத்தி லேசர் அமைவது இன்றும் கடினம்தானே? மாற்றும்போது ஒளி வீணாகாதா என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் சிப்பிலுள்ள சிலிக்கான் நைட்ரைடு வளையத்துக்குள் ஒளி சுற்றிச் சுற்றிச் செறிவதால், சில மில்லிவாட்டிலேயே ஒற்றை நிறம் சீப்புப் பற்கள்போலப் பல நிறங்களாகப் பிரிகிறது. அந்த முதல் ஒளியைத் தரும் லேசரைச் சிப்பின் சிலிக்கானிலேயே செய்ய முடியாதா என்றால், சிலிக்கான் தானாக நன்கு ஒளிராது. இந்தியம் பாஸ்பைடு போன்ற வேறு பொருளாலான லேசரைச் சிப்போடு பொருத்தியாக வேண்டும். தடை இயற்பியலில் இல்லை, இந்தப் பொருத்துவேலையின் செலவில்தான் இருக்கிறது.