மலடி என்றொரு சொல்

பாற்பகுப்பில் செம்மை வாய்ந்தது நம் மொழி. மலடு என்னும் சொல்லினின்று மலடி, மலடன் என இருபாற் பெயர்களும் இலக்கணம் வழுவாது அமையும். ஆயினும் வழக்கில் நம் செவியில் விழுவது ஒன்று மட்டுமே. ஏழாம் நாள் அகீகா விருந்திலே, தொட்டிலின் பக்கம் செல்லத் துணியாது சுவரோரம் ஒதுங்கி நிற்பவள் பெண். அவள் கணவனோ சஹனில் அமர்ந்து வயிறார உண்டு எழுகின்றான். அவனை நோக்கி எவரும் ஒரு வினாவும் தொடுப்பதில்லை.

மருத்துவ நூலார் வகுத்துள்ள வரையறையை முதலில் நோக்குவோம். கணவனும் மனைவியும் கருத்தடை ஏதுமின்றி 12 மாதங்கள் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லையெனின், அதனையே அவர்கள் கருத்தரியாமை என்பர். மனைவி 35 வயதைக் கடந்தவராயின் 6 மாதங்களிலேயே மருத்துவரை நாடுதல் நன்று. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்வில் எப்போதேனும் இக்குறையைச் சந்திக்கின்றனர் என 2023 இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. எனவே இஃது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த பழியன்று.

'கூடி வாழ்ந்தும்' என்னும் தொடரை நம் ஊர்ப் பெரியோர் சற்றே ஊன்றிப் படித்தல் வேண்டும். நம்மவருள் சபுராளிகள் மிகுதி. நிக்காஹ் முடிந்து 60 நாள் உடனிருந்து வளைகுடா சென்ற இளைஞன், ஈராண்டு கழித்து 45 நாள் விடுப்பில் வருகின்றான் எனக் கொள்வோம். மூன்றாம் ஆண்டு நிறைவில் அவ்விருவரும் இணைந்து வாழ்ந்தது 105 நாள்களே. ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ளவை சினைமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களுமே ஆகும். 45 நாள் விடுப்பில் அத்தகைய வாய்ப்பு ஒன்றோ இரண்டோதான் கிட்டும். ஊரோ மூன்றாண்டைக் கணக்கிட்டு அப்பெண்ணுக்குப் பட்டம் சூட்டிவிடுகின்றது! இங்கே பற்றாக்குறை நாள்களில் இருக்கின்றதேயன்றி அவள் உடலில் இருப்பதாகக் கொள்ள முகாந்தரமில்லை.

கூடி வாழ்ந்தும் பேறு வாய்க்காத இணைகளில் ஏறத்தாழப் பாதியில், ஆணிடத்துள்ள குறை தனிக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருக்கின்றது. அதனை அறிய உதவும் விந்துப் பரிசோதனை வலியற்றது, செலவு குறைந்தது. பெண்ணுக்கோ குருதிச் சோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என அடுக்கடுக்காய் உள. எளியதை விடுத்து அரியதை முதலில் செய்விப்பது எந்த நியாயமோ! விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் வரை ஆகும். சில வாரங்களுக்கு முன் கண்ட கடுங்காய்ச்சலும் அதன் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடும். ஆதலின் ஒரு சோதனையில் குறை தென்பட்டால் இடைவெளி விட்டு மறுமுறை பார்ப்பர். புகைபிடித்தல், விரைநாளப் புடைப்பு, நீரிழிவு ஆகியனவும் கருதத்தக்கன. ஆண்மை வேறு, விந்தணுவின் அளவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்வதாலேயே நம் ஆடவர் ஆய்வுக்கூட வாயிலில் நாணி நிற்கின்றனர்.

பெண்ணிடத்துக் காரணங்களாகச் சினைப்பைக் கோளாறுகள், தைராய்டுக் குறைபாடு, கருக்குழாய் அடைப்பு முதலியன சுட்டப்படும். நம் நாட்டில் அவ்வடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணம். இவற்றுட் பல மருந்தாலேயே சீராகும்.

'அல்லாஹ் நாடினால் கிடைக்கும், மருத்துவம் எதற்கு?' என்பாருமுளர். மருத்துவம் செய்து கொள்ளலாமா என நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, செய்து கொள்ளுமாறே நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். பிள்ளை வேண்டி இறைஞ்சிய நபி ஸகரிய்யா (அலை) அவர்கள், மனைவியின் நிலையைச் சொல்லும்போதே தம் முதுமையையும் சேர்த்தே கூறினார்கள். தம்மைக் கணக்கில் சேர்க்காது விடவில்லை என்பது நாம் கருதத்தக்கது.

சோதனைக் குழாய் முறையில் முதற் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலையில். 1980 இலேயே எகிப்தின் தலைமை முஃப்தி ஷைகு ஜாதுல் ஹக் அவர்கள், கணவனின் விந்தணுவும் மனைவியின் சினைமுட்டையுமே பயன்படும்போது அம்முறை ஆகுமெனத் தீர்ப்பளித்தார். மூன்றாமவரின் அணுவோ முட்டையோ கலத்தலாகாது என்பதே அதன் எல்லை. இந்தியாவில் 2021 ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மருத்துவமனைகள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இருவரின் எழுத்துமூல இசைவும் வேண்டும். இம்முறை பெருஞ்செலவினது, வெற்றி உறுதியுமன்று. கடன் வாங்குமுன் பதிவுச் சான்றையும், மனைவியின் வயதுக்கு எவ்வளவு வாய்ப்புண்டு என்பதையும் கேட்டறிதல் நலம்.

பிள்ளையின்மையைக் காரணங்காட்டித் தலாக் கோரியோ மறுமணத்துக்கு இசைவு கோரியோ ஜமாஅத்தை நாடி வருவோர் உளர். அப்போது, 'மாப்பிள்ளையின் பரிசோதனைச் சீட்டு எங்கே?' என்று பெரியோர் முதலில் கேட்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். சீட்டு இல்லையெனின், அதனைக் கொண்டுவரும் வரை விசாரணையை ஒத்தி வைக்கலாம்.