குதிரை பின்னால வருதா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், வாங்கப் போன பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பாராட்டு விழா எடுக்கலாம். நான் போனது மிக்ஸி ஜாருக்கு மூடி வாங்க. வாங்கி வந்தது குதிரைச் சேணம்.

டயல் இல்லாத டெலிபோனுக்கும் பெடல் இல்லாத தையல் மெஷினுக்கும் நடுவே அது குப்புறக் கிடந்தது. "ராஜா காலத்து ஐட்டம் ஸார்" என்றார் கடைக்காரர். எந்த ராஜா என்று கேட்டேன். "உங்களுக்கு எந்த ராஜா வேணுமோ வெச்சுக்குங்க" என்றார். அந்தப் பெருந்தன்மையில் மயங்கி, ஆறாயிரத்தில் ஆரம்பித்த பேரத்தை நாலாயிரத்து இருநூறில் முடித்தேன்.

மின்சார ரயிலில் மறைமலைநகர் வரைக்கும் சேணம் என் மடியில். எதிர் சீட்டுக் குழந்தை, நான் இறங்குகிற வரை ஜன்னலுக்கு வெளியே குதிரையைத் தேடிக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் மனைவி என் தோளுக்கு மேலாக எட்டித் தெருவைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, குதிரை பின்னால வருதா?"

அம்மாவின் தீர்ப்பு இன்னும் சுருக்கம். "தோல் சாமான் வாசப்படி தாண்டக் கூடாது." ஆகவே சேணம் போர்ட்டிகோவில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. பத்து வருஷத்து ஸ்கூட்டருக்குத் திடீரென்று வம்சப் பெருமை வந்துவிட்ட மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் குதிரை என்றால் எஞ்சினில் இருக்கிற குதிரைத்திறன்தான். 2022-ல் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பதை நிறுத்தியதும் அந்தக் குதிரைகளும் லாயத்தை விட்டுப் போயின. அதனால் தெருவே வந்து சேணத்தை விசாரித்தது. எதிர்வீட்டு ரிடையர்டு ஆசாமி தேசிங்கு ராஜாவுடையது என்று சந்தேகப்பட்டார். தேசிங்கு இறந்தது 1714-ல். என் சேணத்தின் இரும்பு வளைவைத் துடைத்துப் பார்த்தால், ஓர் அம்புக்குறி, அதன் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து, கான்பூரின் பழைய ஸ்பெல்லிங், 1917. தேசிங்குக்கு இருநூறு வருஷம் லேட்.

அம்புக்குறி என்றால் 'சர்க்கார் சொத்து'. 'ஐ' என்றால் இந்திய சர்க்கார். 1857 கலகத்துக்குப் பிறகு, பட்டாளத்துக்குத் தோல் சாமான் செய்யவென்றே கான்பூரில் சர்க்கார் சேணத் தொழிற்சாலை வந்தது. அந்த ஊர் அன்று பிடித்த தொழிலை இன்றும் விடவில்லை. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு, நம் காஞ்சிபுரம் பட்டு மாதிரி.

பட்டாளத்துச் சேணத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் புத்தி தெரிகிறது. இரண்டு மரப்பலகை, அவற்றை இணைக்க முன்னும் பின்னும் ஒவ்வொரு இரும்பு வளைவு. பலகைகள் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் சதையின் மேல் உட்காரும். நடுவிலே எலும்பின் மேல் எதுவும் படாமல் காற்று போகும். ஆளும் துப்பாக்கியும் தோட்டாவும் போர்வையும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டுகிற சுமை. அது எலும்பில் உரசினால் முதுகு புண்ணாகும். முதுகு புண்ணான குதிரைக்குப் பட்டாளத்தில் வேலையில்லை. 1902-லும் 1912-லும் ஆங்கிலேயர் இந்த அமைப்பைத் திருத்தினார்கள். 1912 மாதிரியில் பலகைகள் கீல் வைத்தது போல அசைந்து, மெலிந்த குதிரைக்கும் கொழுத்த குதிரைக்கும் பொருந்திப் போகும். மேலே உட்காருகிறவனைவிடக் கீழே சுமக்கிற ஜீவனைப் பற்றி அதிகமாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள். என் ஆபீஸ் நாற்காலியைச் செய்தவருக்கு இதில் பாதிக் கவலையாவது இருந்திருக்கலாம்.

நம்ம மெட்ராசுக்கும் இந்தச் சமாசாரத்தில் பங்குண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பட்டாளத்துக் குதிரைகள் கப்பலில் இங்கே வந்து இறங்கின. 'வேல்ஸ்' ஊர்க் குதிரைகள் என்பதால் 'வேலர்' என்று பெயர். கவர்னருக்கென்றே 1778-ல் அமைத்த குதிரை மெய்க்காவல் படை 1947 வரை சென்னையில் இருந்தது. என் சேணம் பிறந்ததற்கு அடுத்த வருஷம், 1918 செப்டம்பர் 23 அன்று, ஜோத்பூர், மைசூர் குதிரைப் படைகள் ஈட்டியும் கையுமாகப் பாய்ந்து, பீரங்கியும் மெஷின்கன்னும் காவல் காத்த ஹைஃபா நகரத்தைப் பிடித்தன. டில்லி தீன்மூர்த்தி சிலைகள் அந்தப் படைகளின் ஞாபகார்த்தம்தான். என் சேணம் ஹைஃபாவுக்குப் போயிற்றா, கான்பூர் கிடங்கிலேயே தூங்கிற்றா என்று அதுவாகச் சொன்னால்தான் உண்டு.

இதையெல்லாம் கேட்ட என் மச்சான், "மாமா, அமெரிக்காவுல டாலர்ல வித்துரலாம்" என்றான். நூறு வருஷம் தாண்டிய சரித்திரப் பொருளைத் தனி ஆள் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 1972-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள் என்றேன். "அப்ப ஒரு ஏழெட்டு வருஷம் முன்னாடியே வாங்கியிருக்கணும்" என்றான். வியாபாரத்தில் முன்னுக்கு வருவான்.

பழுது பார்க்க ஆரம்பித்தேன். மனைவி தேங்காய் எண்ணெய் சிபாரிசு செய்தாள். பக்கத்து வீட்டுப் பையன் கறுப்பு ஷூ பாலிஷ் டப்பாவோடு வந்து நின்றான். நல்லவேளையாக இரண்டுக்கும் முன்னால், அறுந்து தொங்கிய வயிற்று வார்களை ஸ்டேஷன் போகிற வழியில் வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கிறவரிடம் எடுத்துப் போனேன். என்னைவிட முப்பது வயது மூத்தவர்.

"ஏம்பா, இதைத் தைக்க எவ்ளோ ஆகும்?"

அவர் பதில் சொல்லவில்லை. வாரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். உளியால் ஓரத்தை ஒரு நூல் அளவு சீவினார். "உள்ள வரைக்கும் பழுப்பு, பாருங்க. பட்டைத் தோலு. குரோம் தோலா இருந்தா சீவுன இடம் நீலம் பாய்ஞ்சாப்ல தெரியும்." குரோம் உப்பில் பதனிடுவது பிறகு வந்த அவசர முறை, குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அதற்கு முன்பெல்லாம் மரப்பட்டைதான். வடக்கே கருவேலம்பட்டை, நம்ம பக்கம் ஆவாரம்பட்டை. சந்தைக் கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை என்பது அந்த ஒரு நூல் சீவலில் தெரிந்துபோயிற்று.

"எங்கப்பா செங்கல்பட்டுல ஜட்கா வண்டிக்குச் சாமான் தெச்சவரு. நான் தொட்டு நாப்பது வருஷம் ஆச்சு" என்றவர், ஆயிரத்து இருநூறு கேட்டார். பி.காம். படித்த ரத்தம் சும்மா இருக்குமா? ஆயிரம் என்றேன். ஆயிரத்து நூற்றைம்பதில் முடிந்தது. ஐம்பது ரூபாயை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். அந்தச் சந்தோஷத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் போர்ட்டிகோவில் உட்கார்ந்தார். முதல் ஞாயிறு பிரஷ் மட்டும்தான். நிழலில் வைத்து உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைத்தோம். தேங்காய் எண்ணெய்க்குத் தடை: சிக்குப் பிடித்து, தூசியையும் கரப்பானையும் கூப்பிடும். பாலிஷுக்கும் தடை. இரும்பைத் தோலிலிருந்து பிரித்து, துருவை மண்ணெண்ணெய் விட்டுத் தனியாகத் தேய்த்தேன். பித்தளையில் ஏறியிருந்த பச்சைக் களிம்பை மூங்கில் குச்சியால் சுரண்டினேன். கம்பளி மெத்தையைப் பூச்சி அரித்திருந்தது. மாற்றலாமா என்று கேட்டேன். "குதிரை வேர்வை இதுலதான் ஸார் கீது. இத்த எடுத்துட்டா அப்புறம் இன்னா மிச்சம்?" என்றார்.

இரண்டாவது ஞாயிறு ஒரு வாரை விரலால் தேய்த்துக் காட்டினார். குங்குமம் மாதிரி சிவப்புத் தூள் கொட்டியது. பழைய பட்டைத் தோலில் காற்றின் அமிலம் ஏறி உள்ளுக்குள்ளே உளுத்துப்போகிற வியாதி அது. வந்தால் போகாது, மேலும் உதிராமல் பாதுகாக்கலாம், அவ்வளவுதான். "மேல எண்ணெ தடவுனா பளபளன்னு ஆயிரும். ஆனா இழுத்தா அறுந்துரும்" என்றார்.

மூன்றாவது ஞாயிறுதான் தையல். செருப்புக்குக் கொக்கி ஊசி போதும். சேணத்துக்கு ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. தேன்மெழுகு தடவிய நூல். ஒரே ஓட்டையில் ஒரு ஊசி இந்தப் பக்கமும், இன்னொன்று அந்தப் பக்கமும் எதிரும் புதிருமாகப் போய் வரும். மெஷின் தையலில் ஓரிடத்தில் நூல் விட்டால் வரிசையாக அவிழும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். அங்குலத்துக்கு எட்டு தையல் எண்ணினேன். அதுவும் 1917-ல் எவரோ போட்ட பழைய ஓட்டைகள் வழியாகவே போக வேண்டும். "புதுசா ஓட்டை போட்டா போஸ்ட் ஸ்டாம்பு கிழியறாப்ல கிழிஞ்சிரும்" என்று சொல்லி ஊசிகளை என்னிடம் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் நான் தைத்தது இரண்டு அங்குலம். அதில் என் விரலும் சேர்த்தி.

அன்று பதினோரு மணிக்கு மனைவி காபி கொண்டுவந்தாள். அவர் எழுந்து, "பேப்பர் கப்பு இருந்தா அதுல குடும்மா, போதும்" என்றார். பழக்கத்தில் சொன்னார். எத்தனை வாசல்களில் வந்த பழக்கமோ! எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அம்மாதான் குரல் கொடுத்தாள். "இந்த வீட்ல பேப்பர் கப் கிடையாது. டம்ளர்லதான் குடிக்கணும். ஆறிடப் போவுது, குடிங்க." சேணத்துக்கு மூடியிருந்த வாசப்படி அன்று திறந்தது. இப்போது அது ஹாலில் இருக்கிறது.

நாலாவது ஞாயிறு மாமல்லபுரம் பக்கத்திலிருந்து ஒரு ரிசார்ட்காரர் வந்தார். பார்த்தார், இருபத்தைந்தாயிரம் என்றார். நான் மனதுக்குள் லாப நஷ்டக் கணக்கை முடித்துவிட்டேன். அப்புறம் நிபந்தனை வந்தது: கறுப்புப் பாலிஷ் போட்டு, பளபளவென்று ஆக்கித் தர வேண்டும். கடற்கரையில் குதிரையின் மேல் இந்தச் சேணத்தைப் போட்டு, மாப்பிள்ளையை ஏற்றிக் கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுப்பார்களாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "ஷோவுக்கு வைங்க ஸார். ஆள ஏத்தாதீங்க. நான் தெச்ச தையல் நிக்கும். பக்கத்துல தோலு நிக்காது. குதிரை நாலு அடி ஓடுனா வார் அறுந்து மாப்ள தலைகுப்புற விழுவாரு."

"ஒரு போட்டோதாங்க. அஞ்சு நிமிஷம்" என்றார் ரிசார்ட்.

விழுவதற்கு அஞ்சு நிமிஷம் எதற்கு? குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று பழமொழி உண்டு. இங்கே குழி பறிக்கிற வேலைக்கு எனக்கு இருபத்தைந்தாயிரம் சம்பளம். பாலிஷ் போட்டால் அந்தச் சிவப்புத் தூள் யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்கிறபோது குரல் கொஞ்சம் நடுங்கியது நிஜம். இருபத்தைந்தாயிரம் ஸ்வாமி!

அவர் கிளம்பும்போது கணக்குப் பார்த்தேன். கடைக்காரர் 'ராஜா காலத்து' என்று சொன்ன வார்த்தைக்கு நாலாயிரத்து இருநூறு. ஒரு மாப்பிள்ளையின் கழுத்தைக் காப்பாற்றிய அறிவுக்கு ஆயிரத்து நூற்றைம்பது. அதிலும் ஐம்பது அடித்துப் பேசியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னூறு ரூபாய்கூட வரவில்லை. பி.காமில் தேய்மானம் கணக்கிட இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார்கள். நேர்கோட்டு முறையில் ஒரு நாள் மதிப்பு பூஜ்யமாகிவிடும். குறைந்து செல் முறையில் வருஷா வருஷம் குறையுமே தவிர, பூஜ்யத்தைத் தொடவே தொடாது. சேணத்துக்கு இரண்டாவது முறையையும் அதைத் தைக்கத் தெரிந்த கைக்கு முதல் முறையையும் போட்டு வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரும்பில் சர்க்கார் முத்திரை இருக்கிறது, ஊர் இருக்கிறது, வருஷம் இருக்கிறது. அங்குலத்துக்கு எட்டு தையல் போட்டவர் பெயர் எங்கேயும் இல்லை. இந்தத் தடவையாவது விடக்கூடாது என்று, இரண்டாயிரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "பத்திரிகையில எழுதப் போறேங்க ஐயா. உங்க பேரைப் போட்டுக்கலாமா?" என்றேன். 'ஏம்பா'வில் ஆரம்பித்தவன் எந்தத் தையலில் 'ஐயா'வுக்கு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பணத்தை எண்ணி, எண்ணூற்றைம்பதைத் திருப்பிக் கொடுத்தார். "பேசுனது பேசுனதுதான். அடுத்த வாட்டி பேசறப்போ பாத்துப் பேசு தம்பி" என்றார். ஒரு மாதமாக 'ஸார்' போட்டவர்.

"பேரு?" என்றேன் மறுபடியும்.

"பேரெல்லாம் எதுக்கு? வேணும்னா ஒண்ணு போடு. மழைக்காலம் வருது. ஸ்டேஷன் வேப்பமரத்தடியில குடையும் ரிப்பேர் பண்ணப்படும்னு போடு."

போட்டுவிட்டேன். போகிறவர்கள் பேரம் பேசாதீர்கள்.

மிக்ஸி ஜாருக்கு மூடி இன்னும் வாங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மனைவியும் கூட வருகிறாளாம்.