இருதயத்துட் புகும் ஒற்றன்

1929ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வேர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர் ஒரு துணிகரம் புரிந்தார். தமது கை நாளத்தைக் கீறி, மெல்லிய குழாயொன்றை அதனூடே இருதயம்வரை செலுத்தி, அவ்வாறே நடந்துசென்று எக்ஸ்கதிர்ப் படமும் எடுத்துக்கொண்டார். அன்று கண்டனத்துக்கு ஆளான அவர், 1956இல் வேறிருவருடன் நோபெற் பரிசு பெற்றார்.

1970இல் அமெரிக்காவில் சுவான், கான்ஸ் என்போரும் அவர்தம் துணைவரும், நுனியிற் சிறு பலூன் பொருத்திய குழாயை உலகுக்கு அறிமுகஞ் செய்தனர். காற்றின் வழிச் செல்லும் பாய்க்கப்பல்போல அது குருதியோட்டத்தோடு மிதந்து, இருதயத்தின் வலப்பக்க அறைகளைக் கடந்து, சுவாசப்பை நாடியை அடையும். அங்குள்ள அமுக்கத்தையும், இருதயம் வெளியேற்றும் குருதியின் அளவையும் உணர்த்தும். இருதய சத்திரசிகிச்சையின்போது இத்தகைய ஒற்றன் வேண்டுமன்றோ?

வேண்டும், ஆயினும் ஒற்றனாலேயே கேடு விளைதலும் உண்டு. குழாய் இருதயச் சுவரைத் தீண்டத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். நாட்கணக்கில் உள்ளிருப்பின் கிருமி தொற்றலாம். சத்திரசிகிச்சைக்காக இருதயம் நிறுத்தப்பட்டுத் தளர்ந்திருக்கும் வேளையில், குழாய் முன்னேறி நாடியின் ஒடுங்கிய கிளையுட் புகலாம். அங்கு பலூனை ஊதினால் நாடி கிழிந்துவிடக்கூடும். இது மிக அரிது. நேர்ந்தாலோ உயிர் தப்புவது கடினம். ஆகவேதான் இருதயத்தை நிறுத்துமுன் குழாயைச் சிறிது பின்னிழுத்து வைப்பாருமுளர்.

இருதயமல்லாத பெரிய சத்திரசிகிச்சைகளுக்குட்பட்ட 1,994 முதிய நோயாளரை இரு பகுதியாக்கி ஆராய்ந்த முடிவுகள் 2003இல் வெளிவந்தன. குழாயிட்டோரிலும் இடாதோரிலும் இறந்தோர் தொகை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சுவாசப்பைக் குழல்களைக் குருதிக்கட்டி அடைத்தது குழாயிட்டோருள் 8 பேருக்கு. மற்றோருள் ஒருவருக்கேனும் இல்லை.

பரீட்சைப் புள்ளி மாணவனின் நிலையைக் காட்டும். அவனுக்குப் பாடம் புகட்டாது. அவ்வாறே, அளவிடுதல் வேறு, குணப்படுத்துதல் வேறு. வலப்பக்க இருதயம் நலிந்தோர், சுவாசப்பை நாடியில் அமுக்கம் மிக்கோர் முதலிய சிலருக்கு இக்குழாய் இன்றும் உற்ற துணையாகலாம். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை.

நம் வீட்டார் ஒருவர் இருதய சத்திரசிகிச்சையை எதிர்நோக்கும்போது, வைத்தியரிடம் ஒன்றைப் பணிவுடன் கேட்கலாம்: “இக்குழாய் கூறும் செய்தியாற் சிகிச்சையில் என்ன மாறும்?” நல்ல வைத்தியர் இவ்வினாவைக் குற்றமாகக் கொள்ளார்.