பழைய மண்டிக் கணக்குகளை மீட்பது குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

ஏப்ரல் 1 முதல் பழைய கணக்கு மென்பொருளுக்கு சர்வீஸ் கிடையாது என்று அதை நமக்கு விற்ற நிறுவனம் அனுப்பிய கடிதமும், அதையொட்டிச் செயற்குழுவில் நடந்த வாக்குவாதமும் உறுப்பினர்கள் அறிந்தவையே. கூடியவரை அனைவரும் ஏற்ற கருத்துகளையே இங்கே பதிவு செய்கிறோம்.

மென்பொருள் பழசாகிவிட்டது என்பதில் தகராறு இல்லை. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ நிரல் 64-பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை. பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிளுக்குப் புதுக் கம்ப்யூட்டரில் இடமும் இல்லை. ஆனால் இதெல்லாம் நேற்று தெரிந்த செய்தியா? ஃபாக்ஸ்புரோவின் பிந்தைய வடிவமான விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கே இனிப் புதுப் பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007-லேயே அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் பராமரிப்பு என்ற பெயரில் ஆண்டுதோறும் பணம் வாங்கியவர்கள் எதைப் பராமரித்தார்கள் என்பதை விளக்க வேண்டும்.

கடிதத்தில் ‘முழு டேட்டா மாற்றம்’ என்று இருப்பது, உண்மையில் மார்ச் 31 நிலுவையை மட்டும் அவர்கள் விற்கும் புது மென்பொருளில் ஏற்றித் தருவதுதான். ஒரு விவசாயியின் பேரில் பற்று என்று ஒரு தொகை நிற்கிறது. எந்தப் போகத்துக்குக் கொடுத்த முன்பணம், எத்தனை மூட்டை வந்தது, கமிஷனும் எடைக்கூலியும் எவ்வளவு கழிந்தது, இடையில் மகன் வந்து வாங்கிப்போனது எவ்வளவு என்று அவர் கேட்டால் எதைக் காட்டுவது? ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள பார்ட்டிகளை ஊர்ப் பெயரையும் தோட்டத்துப் பெயரையும் தமிழில் அடித்துவைத்துத்தான் நம் கணக்குப்பிள்ளைகள் பிரித்தறிந்தார்கள். புது மென்பொருளில் அவர்கள் வெறும் கோடு எண்களாகிவிடுவார்கள்.

இத்தனைக்கும் டாங்கிள் பூட்டுவது நிரலை மட்டுமே. கணக்குகள் இருக்கும் டிபிஎஃப் கோப்புகள் திறந்துதான் கிடக்கின்றன. லிப்ரே ஆபிஸிலேயே திறக்கலாம். எண்கள் சரியாக வருகின்றன, பெயர்கள்தான் கிறுக்கலாகத் தெரிகின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருவுக்கு ஆளுக்கொரு குறியேற்றம் இருந்ததே காரணம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் கிடைத்தால் மாற்றுவது பெரிய வேலையல்ல. பட்டியல் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. வணிக ரகசியம் என்று தர மறுக்கிறார்கள். நம் பார்ட்டிகளின் பெயரும் ஊரும் யாருடைய ரகசியம்? (இந்தப் பத்தியின் தொனியைச் சற்றுத் தணிக்கலாம் என்று சிலர் கருதினர். பெரும்பான்மையினர் ஏற்கவில்லை.)

சட்டம் கேட்கும் காலம் தாண்டியதை அழித்துவிடலாம் என்ற கருத்தும் வந்தது. கம்பெனிகளுக்கு 8 நிதியாண்டு, ஜிஎஸ்டிக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் என்பது சரியே. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடிய பாகப்பிரிவினை வழக்குக்கு அந்தக் காலவரையறை போதாது. பழைய கணக்கை நீதிமன்றத்தில் காட்டவும், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துடன், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண் குறித்த சான்றிதழும் வேண்டும். எனவே பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். ஹார்டு டிஸ்கை முதலில் அப்படியே பிரதி எடுத்து, ஹாஷ் எண்ணைக் குறித்துவைத்து, பிரதியில் மட்டுமே வேலை செய்யுங்கள்.

முறையாக வாங்கிய நிரலுக்குக் காப்புப் பிரதி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டாங்கிளை உடைப்பது பற்றி வழக்கறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லாததால், சங்கம் அதை இப்போதைக்குப் பரிந்துரைக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

எழுத்துப் பட்டியலையும், எல்லா ஆண்டுகளின் நாள்வழி, பேரேடு, வவுச்சர் பதிவுகளையும் சிஎஸ்வி வடிவில் தருவதாக அந்த நிறுவனம் எழுத்துமூலம் ஒப்புக்கொள்ளும்வரை, புது மென்பொருளுக்குப் பணம் கட்டுவதைத் தள்ளிவைப்பது நல்லது என்று சங்கம் கருதுகிறது. ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீது நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும்.