முதலில் உங்கள் வீட்டுச் சொம்பை வரையுங்கள்

"அப்படியே போட்டோ மாதிரியே இருக்கு!" பென்சில் ஓவியத்துக்கு நம்மிடம் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. எனக்கு இது வசவாகத்தான் கேட்கிறது. போட்டோ மாதிரி வேணும்னா போட்டோவே போதுமே, பென்சில் எதுக்கு?

இந்தப் பாராட்டு எதற்கெல்லாம் விழுகிறது என்று பாருங்கள். நடிகரின் முகம், கோயில் யாளி, சுருக்கம் விழுந்த பாட்டி. 'பாரம்பரியம்' பேசுகிறவர்கள் அம்மியும் உரலும் வரைவார்கள், வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே அழகு என்று முத்திரை குத்தியதை நகலெடுக்கக் கை போதும். கண்ணுக்கு அங்கே என்ன வேலை?

நான் இருப்பது சென்னீர்குப்பத்தில், பூந்தமல்லி - ஆவடி சாலையில். வீட்டில் அம்மி இல்லை. கைப்பிடி ஆடுகிற குக்கர், பிளாஸ்டிக் குடம், அடி நசுங்கிய எவர்சில்வர் சொம்பு இருக்கின்றன. அந்தச் சொம்பை 2பி பென்சிலால் வரைந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் உங்கள் மண்டைக்குள் இருக்கும் சொம்பைத்தான் வரைவீர்கள். அப்புறம்தான் எதிரில் இருப்பது கண்ணில் படும். எவர்சில்வரில் ஜன்னலும், கொடியில் கிடக்கும் துண்டும், வரைகிற நீங்களும் வளைந்து தெரிவீர்கள். பளிச்சென்ற இடத்தை வரைய முடியாது, தாளை வெறுமனே விட்டுவிடணும். நசுங்கிய இடத்தில் நிழல் சட்டென்று திரும்பும்.

அந்த நசுங்கல் யாருடைய அவசரம்? தினமும் அதைத் தேய்க்கிற கையை நாம் பார்ப்பதில்லை. அதனால்தான் அந்தக் கை புழங்கும் பொருளும் நமக்குச் 'சாதாரணம்'. இங்கே அழகு பற்றிய சண்டை, யாருடைய உழைப்பு கண்ணில் படுகிறது என்ற சண்டையும்தான்.

"பாத்திரம் வரைவது பயிற்சிதானே, கலையா?" என்பார்கள். இத்தாலியின் மொராண்டி வாழ்நாளெல்லாம் பாட்டில்களையும் ஜாடிகளையும் வரைந்தே 20ஆம் நூற்றாண்டின் பெரிய ஓவியர்களில் ஒருவரானார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனால் அரசு கவின் கலைக் கல்லூரி வரும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்ததும் அதே வளாகத்தில்தான். ஓவியமும் அடுக்களைப் பாத்திரமும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஊர் இது. பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்தது நம் ரசனை.

யாளி எங்கேயும் போகாது. அதை வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சொம்பை வரைய உங்களை விட்டால் ஆளில்லை.