வரவுப் பதிவேட்டில் வாழும் மாணவர்கள்

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மாணவனின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறந்த ஊரன்று. கடைசி 3 ஆண்டுகள் அவன் கற்ற பாடசாலையே. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பதினாறில் அடங்கும்.

1970 இல் மருத்துவம் கற்கத் தமிழ் மொழி மாணவனுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழி மாணவனுக்கு 229 போதும் என்றபோது கொதித்தெழுந்தோம், நியாயமே! அந்த நாமே, வசதிபடைத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை வன்னிப் பாடசாலையில் பதிந்துவிட்டு, யாழ்ப்பாணத்துத் தனியார் வகுப்பில் படிப்பித்தால் அதற்குப் பெயர் என்ன? கெட்டித்தனமா? கமக்காரன் பிள்ளையின் ஆசனத்தைக் கவர்வதன்றோ அது! 2009 இல் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் மண் இது.

பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 வீத வரவு வேண்டுமென்பது விதி. வராதவனை வந்தானென எழுதும் அதிபர் பொய்ச்சான்று வழங்குகிறார். இதனைச் சட்டம் கற்றவன் என்ற முறையிலேயே கூறுகின்றேன். பெற்றோரே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் உயர்தர வகுப்பின் வரவுப் பதிவேட்டை மேசைமீது வைக்கும்படி கேளுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புங்கள்.